எதிராளி இல்லாத வழக்கு

(மன்னார்த் தீவில், அங்கம் இழந்தோரும் அவர்தம் குடும்பத்தினரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

வயலையும் கடலையும் ஒரு நாளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் தோழர்களே!

இந்த மேடைக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. அவற்றை ஏறி முடிக்க எமக்கு எவ்வளவு நேரம் சென்றது என்பதை நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். பார்த்துக் கைதட்டினீர்கள். அன்பினால் தட்டினீர்கள், அந்த அன்புக்கு எமது நன்றி. ஆயினும் அந்தக் கைதட்டலைப் பற்றியே இன்று உங்களோடு சற்று வழக்காட விரும்புகிறோம். முன்வரிசையிலே சக்கர நாற்காலியில் ஒரு தங்கை அமர்ந்திருக்கிறார். அவரைப் பேச அழைத்திருந்தால் என்ன செய்திருப்போம்? நான்கு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்திருப்பார்கள். அதற்கும் நாம் கைதட்டியிருப்போம். ஐந்து படிகளுக்குப் பதிலாக ஒரு சாய்தளம் போடலாமே என்ற எண்ணம் நம்மில் ஒருவருக்கும் வரவில்லை. கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் எமக்கும் பங்கு உண்டு என்பதால், இந்தக் குற்றச்சாட்டை முதலில் எம்மீதே சுமத்திக்கொள்கிறோம்.

கடந்துவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, காலை இழந்த பின்னும் மனம் தளராது வாழ்வது எப்படி என்று சொல்லும்படி எம்மைக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறோம். ஆனால் பாதிக் கதையை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம்.

வரம்பில் நடந்த சம்பவம்

1990ஆம் ஆண்டிலே எமது குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. முதலில் மடுக்கோயில் வளவு; பின்னர் இந்தத் தீவு. அப்போது எமக்கு வயது பத்து. அதே ஆண்டில், இந்தத் தீவிலும் கரையிலும் எம்மோடு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் இங்கே மறவாமல் சொல்ல வேண்டும். யாருடைய ஊர் யாருக்கு இல்லாமற் போனது என்ற கணக்கை மன்னாரில் எவரும் தனியே எழுதிவிட முடியாது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. உயிலங்குளத்துப் பாதை திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வாயில் மட்டும் இருந்த வயலைக் கண்ணால் காணப் போகிறோம் என்ற களிப்பில் ஐயா எம்மையும் அழைத்துக்கொண்டு போனார். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல் அது. வரம்பெல்லாம் நாணலும் முட்பற்றையும் மண்டிக் கிடந்தன. ஐயா முன்னே நடந்தார். நாம் பின்னே நடந்தோம். அவர் மிதித்த இடத்தில் ஒன்றும் நிகழவில்லை. ஒரு சாண் தள்ளி நாம் மிதித்த இடத்தில் நிலம் வெடித்தது.

மிதிவெடி என்பது கொல்வதற்காகச் செய்யப்பட்டதன்று, முடமாக்குவதற்காகச் செய்யப்பட்டது. இறந்தவனைப் புதைத்துவிட்டுப் போகலாம். காயப்பட்டவனைச் சுமக்க இருவர் வேண்டும் என்ற போர்க்கணக்கு அது. சில கிலோகிராம் அழுத்தம் போதும். பிள்ளையின் பாதத்துக்கும் படைவீரனின் பாதத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வெடிக்கும்போது மண்ணையும் கல்லையும் செருப்புத் துண்டையும் தசைக்குள்ளே மேல்நோக்கி ஏற்றிவிடும். அதனால்தான் கிழிந்த இடத்தில் வெட்டாமல், மருத்துவர்கள் அதற்கும் மேலே வெட்ட நேர்கிறது. எமது இடக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஐயா தம் சாரத்தைக் கிழித்துக் கட்டி, தோளிலே சுமந்து வீதிவரை வந்தார். தாம் வந்த அடிச்சுவட்டின் மேலேயே திரும்பி நடந்து வந்தார். அந்தப் பாதையை அவர் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்பது இன்றைக்கும் எமக்கு விளங்கவில்லை.

எழுதிப் பார்த்த வழக்கு

சில ஆண்டுகளின் பின் சட்டம் பயின்றபோது, வழக்குரை எழுதும் பயிற்சியில் எமது வழக்கையே எழுதிப் பார்த்தோம். வழக்காளி யார்? பெயர் உண்டு, விலாசம் உண்டு. நட்டம் என்ன? ஒரு கால், ஐயா விற்ற இரண்டு எருதுகள், அம்மா அடகுவைத்து மீட்காத தாலிக்கொடி. எதிராளி யார்? பேனா அங்கேயே நின்றுவிட்டது. அந்த வெடியைப் புதைத்தவர் எந்தத் தரப்பினர் என்று எவரும் அறியார். இரு தரப்பினரும் புதைத்தார்கள். புதைத்த கை இன்று உயிரோடு இருக்கிறதோ, அதுவும் ஒரு காலை இழந்து எங்கேனும் ஊன்றுகோலோடு நடக்கிறதோ, யார் அறிவார்?

எதிராளி இல்லாத வழக்கில் ஓர் ஆபத்து உண்டு. குற்றவாளிக் கூண்டு வெறுமையாக இருப்பதை மனிதமனம் பொறுத்துக்கொள்வதில்லை. வேறு எவரும் அகப்படாதபோது தன்னையே பிடித்து அதில் ஏற்றிவிடும். அன்று ஏன் போனோம்? ஏன் ஒரு சாண் தள்ளி மிதித்தோம்? இரண்டு ஆண்டுகள் நாம் எம்மையே விசாரித்தோம். ஐயாவும் தனியே இருந்து தம்மை விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது, அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னரே எமக்குத் தெரிய வந்தது. “உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே, தம்பி” என்றார். இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில், ஒரே குற்றத்துக்கு, இரண்டு நிரபராதிகள் தனித்தனியே சிறையிருந்திருக்கிறோம்! அங்கம் இழந்தவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் நாம் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். அந்தக் கூண்டிலிருந்து இறங்குங்கள். இறங்கினோம் என்பதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இல்லாத கால் வலிக்கும்

இரண்டாவது வார்த்தை, உடலைப் பற்றியது. இல்லாத கால் வலிக்கும். இல்லாத பெருவிரல் இரவிலே முறுகும். இல்லாத பாதம் தணலில் வைத்தாற்போல் எரியும். எமக்கு அது நேர்ந்தபோது எவரும் விளக்கம் சொல்லவில்லை. அம்மா நூல் கட்டுவித்தார். அயலார் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தமக்குள் பேசினர். அது பேயும் அன்று, பித்தும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களைப் பார்த்த வெயர் மிச்செல் என்னும் மருத்துவர் 1871ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு பெயர் வைத்தார். கால் போனாலும், அந்தக் காலுக்கென மூளையில் இருந்த இடம் போவதில்லை. 1990களில், தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், ஒரு கண்ணாடியின் முன்னே இருக்கும் அங்கத்தை வைத்து அசைக்கச் செய்து, இல்லாத அங்கமும் அசைவது போன்ற தோற்றத்தை மூளைக்குக் காட்டினார். பலருக்கு வலி தணிந்தது. ஒரு முகக்கண்ணாடி போதும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வலி மெய்யான வலி, இதற்கு மருத்துவம் உண்டு என்று அறிந்த மாத்திரத்தில் பாதிப் பயம் நீங்கும்.

மூன்றாவது, நடை. மேல்நாட்டிலிருந்து வந்த பழைய செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போட்டு, நாற்காலியில் இருந்து வேலை செய்வோருக்காக அமைந்தவை. சம்மணமிட்டு உண்ணவும், குந்தியிருந்து நாற்று நடவும், வெறுங்காலோடு கோயிலுக்குள் போகவும் அவை உதவா. இந்தக் குறையை உணர்ந்து, 1960களின் பிற்பகுதியில், இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் அதிகம் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும், அறுவை மருத்துவரான பி. கே. சேத்தியும் சேர்ந்து றப்பரினால் ஒரு பாதம் செய்தார்கள். அது சேற்றில் இறங்கும், வரம்பில் ஏறும், சப்பாத்து வேண்டாது. 1981இல் விபத்தில் காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், அந்தப் பாதத்தைக் கட்டிக்கொண்டு 1984இல் மீண்டும் பரதம் ஆடினார். 1985இல் கொழும்பு நண்பர் உதவிச் சங்கமும், 1987இல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையமும் நம் நாட்டிலே அந்தப் பணியைத் தொடங்கின. வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலும், உள்ளே யாரோ ஒருவர் ஒரு காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது மனிதகுலத்தின்மீது மீண்டும் நம்பிக்கை பிறக்கிறது.

எமக்குக் கால் பொருத்திய கைவினைஞர் வயது முதிர்ந்தவர். நாம் கண்கலங்கி நின்றபோது அவர் சொன்னார்: “தம்பி, போன காலை நினைச்சுக்கொண்டு நடந்தால் விழுவாய். நிக்கிற காலை நினைச்சு நட. அதுதான் இப்ப இரண்டு கால் வேலை செய்யுது.” எத்தனையோ தத்துவ நூல்களைப் பின்னர் படித்தோம், இதைவிடப் பயன் தந்த வாசகம் வேறில்லை. சேற்றில் நடக்க ஒரு மாதம், துவிச்சக்கர வண்டி மிதிக்க ஆறு மாதம், தலைமன்னார்க் கரையின் மணலில் நடக்க ஒரு வருடம் சென்றது. மணலே எல்லாவற்றிலும் கடினம். ஊன்றிய இடம் நிலையாய் நில்லாது. எங்கள் அரசியலும் அப்படித்தான் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஒரு தாய் கேட்ட கேள்வி

இதுவரை சொன்னது பாதிக் கதை. மற்றப் பாதியை எமக்குக் கற்பித்தவர் ஒரு பெண்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், மாந்தைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவர் எம்மிடம் வந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், வலக்கால் இல்லை. காணி உறுதி தொடர்பாக ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை போய்த் திரும்பியிருந்தார். நாம் எமது காற்சட்டையைச் சற்று உயர்த்தி, செயற்கைக் காலைத் தட்டிக் காட்டி, “மனந்தளராதே தங்கச்சி, எங்களைப் பார்” என்றோம். அப்படிச் சொல்வது எமக்கு அக்காலத்தில் வழக்கமாகிவிட்டிருந்தது. அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, நான் மனந்தளர்ந்தெண்டு உங்களிட்டை வரேல்லை. அந்த அலுவலகம் மேல்மாடியிலை இருக்கு. படி ஏறக் கைபிடி இல்லை. அதுக்கு ஏதும் சட்டம் இருக்கோ எண்டு கேக்க வந்தனான்” என்றார்.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்டத்தரணியாகிய நாம், எமது சொந்தக் கால் போயிருந்தும், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை! எமது தைரியத்தைப் பிறருக்கு மாதிரியாகக் காட்டினோமே அன்றி, எமக்குப் படிப்பும் தமையன் அனுப்பிய பணமும் இருந்தன, அவருக்கு இருந்தது ஒரு துண்டு வயல் மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. மனத்திடம் நல்லது. ஆனால் மனத்திடம் உள்ளவரைக் காட்டி, மற்றவருக்குரியதை மறுப்பது அநீதி.

முறையிடுவது நம்பிக்கையீனமா என்று சிலர் கேட்பர். பாலாவிக் கரையிலே கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். கண்பார்வை இழந்த அவர் ‘விதி’ என்று வாயடைத்து இருந்தாரா? வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கொடுக்கப்பட்டபோது, அது போதும் என்று திரும்பினாரா? இறைவனிடமே வழக்காடி, காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மறுகண்ணையும் பெற்ற பின்னரே ஓய்ந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மதீனாவின் சட்ட அறிஞர் உர்வா இப்னு சுபைர் தம் காலை வெட்டி எடுத்த பின்னும் எஞ்சிய அங்கங்களுக்காக இறைவனுக்கு நன்றி சொன்னார் என்று இஸ்லாமிய வரலாறு போற்றுகிறது. 1521இல் பீரங்கிக் குண்டினால் கால் சிதைந்து, வாழ்நாள் முழுதும் நொண்டி நடந்த இஞ்ஞாசியார், அந்தப் படுக்கையிலிருந்தே ஒரு புதிய வாழ்வைத் தொடங்கினார். நன்றியும் வேண்டும், புதிய தொடக்கமும் வேண்டும், வழக்காடுதலும் வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தத் தாய்க்குச் சொல்லத் தவறியதை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறோம். 1988ஆம் ஆண்டின் அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று அரச தொழில்களில் நூற்றுக்கு 3 பங்கை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்கச் சொன்னது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டித் தொழிலிலோ கல்வியிலோ பாரபட்சம் காட்டலாகாது என்றும், பாதிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் விதித்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் சென்றுவர வழி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. விபத்தினால் சக்கர நாற்காலிக்கு வந்த கலாநிதி அஜித் பெரேரா என்னும் சிங்களப் பெருமகன், அவற்றை ஏட்டிலிருந்து நாட்டுக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றம் சென்று 2011இல் கட்டளை பெற்றார். அவர் வாதாடியது மன்னாருக்காகவுந்தான். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தினால், அங்கவீனமுற்ற வாக்காளர் தமக்கு உதவ ஒருவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லலாம். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது.

காகிதத்தில் இத்தனை உண்டு. ஆனால் கைபிடி இல்லாத படிகள் இன்னும் இருக்கின்றன. ஏன்? கேட்பாரில்லை. ஐயா, அம்மா என்று கெஞ்சிக் கேட்பவர் உண்டு. இலக்கமும் ஆண்டும் சொல்லி எழுத்திலே கேட்பவர் அரிது. எழுத்திலே கேட்ட கேள்விக்கு எழுத்திலே விடை வரவேண்டும். அந்த விடையே வழக்கின் முதற் சான்று.

மண்ணுக்குள் இருக்கும் கடன்

இனி, மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் எழுதப்பட்டது. அவ்வாண்டு நோபல் சமாதானப் பரிசு பெற்ற இயக்கத்தின் சார்பில் மேடையேறியவர்களுள் ஒருவர், 1982இல் இரு கால்களையும் இழந்த கம்போடியர் துன் சன்னரெத். இலங்கை அந்த உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. 2022இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. வெடிகளை அகற்றி முடிப்பதற்கு 2028 ஜூன் 1ஆம் தேதியைத் தவணையாக ஏற்றது. அகற்றுவது மட்டுமன்று, பாதிக்கப்பட்டவரின் மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் உதவுவதும் அதே உடன்படிக்கையின் கடமை. எமது வழக்கில் நாம் தேடிய எதிராளி அகப்படவில்லை. ஆனால் கடன் பொறுப்பேற்ற ஒருவர் அகப்பட்டிருக்கிறார். அரசு கையொப்பமிட்டிருக்கிறது. கையொப்பமிட்டவரிடம் கேட்பது பிச்சையன்று.

ஆனால் உலகக் காற்று மாறி வீசுகிறது. 2025இல் லித்துவேனியா, லற்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் அந்த உடன்படிக்கையிலிருந்து விலகும் முடிவை அறிவித்தன. அயல் வல்லரசின் அச்சம் அவர்களுக்கு இருக்கலாம். அதை நாம் இகழவில்லை. ஆனால் போர் முடிந்த பின் அந்த வரம்பிலே நடக்கப்போவது உழவனின் பிள்ளைதான் என்பதற்கு மன்னார் சாட்சி. இந்த மாவட்டத்து மண்ணில் முழங்காலிட்டு, அங்குலம் அங்குலமாக வெடி அகற்றிய பெண்களும் ஆண்களும் எமக்குத் தந்தது நிலத்தை மட்டுமல்ல, பயமின்றி அடியெடுத்து வைக்கும் உரிமையை. அவர்களுக்கு இந்தக் கூட்டம் தலைவணங்குகிறது.

நாம் செய்ய வேண்டியவை

போர் ஓய்ந்தாலும் அங்கங்கள் போவது ஓயவில்லை. நீரிழிவினால் எத்தனை கால்கள் போகின்றன! வயலில் முள்ளுக் குத்தும். உணர்ச்சி மரத்த பாதத்துக்கு அது தெரியாது. புண் அழுகிய பின்னரே வீட்டார் காண்பர். இரவுதோறும் விளக்கொளியில் பாதத்தின் அடியைப் பாருங்கள். பார்க்க இயலாத முதியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். ஆறாத புண்ணோடு ஒரு கிழமை பொறுத்திராதீர்கள். கரையோரச் சகோதரர்களுக்கு இன்னொன்று: வெடி வைத்து மீன்பிடிப்பது சட்டவிரோதம் என்பது உங்களுக்குத் தெரியும். அது மீன்குஞ்சையும் பாரையும் அழிப்பதோடு, எறியும் கையையும் எடுத்துவிடுகிறது. மண்ணில் வெடி புதைத்தவர்களைக் குறைகூறும் நாம், கடலில் வெடி எறியலாமா?

அடுத்தது நம் வாய்ச்சொல். நொண்டி என்றும், முடவன் என்றும், சகுனத்துக்கு ஆகாதவர் என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. காலிழந்த ஆணுக்குப் பெண் கிடைக்கிறது. காலிழந்த பெண்ணுக்கு வரன் கேட்டால் வாசலிலேயே பேச்சு முடிகிறது. இதற்கு எந்த அரசையும் குறைகூற இயலாது. எதிராளி நாமே.

இறுதியாக எமது அரசியல் நண்பர்களுக்கு. இருபது ஆண்டுகளாகக் கூட்டம் கூட்டுகிறோம், வேட்பாளர் பட்டியல் எழுதுகிறோம். அங்கம் இழந்தவர்களை மேடையில் காட்டி, அவர்கள் துயரத்தைச் சொல்லி வாக்குக் கேட்டிருக்கிறோம்; அவர்களுள் எத்தனை பேரைப் பட்டியலில் சேர்த்தோம்? இந்தக் கேள்விக்கு எம்மிடம் நல்ல விடை இல்லை. ஆகவே மூன்று வேண்டுகோள். கிராமந்தோறும் அங்கம் இழந்தோர் யார், அவர்களுக்கு வேண்டியது என்ன என்று நாமே வீடுவீடாகச் சென்று எழுதுவோம். ஒவ்வொரு பொது அலுவலகத்தின் படியையும் அளந்து, 2006 ஒழுங்குவிதியைக் காட்டி, எழுத்து மூலம் கேட்போம். எமது குழு ஒவ்வொன்றிலும் அங்கம் இழந்த ஒருவர், பார்வைக்காக அல்ல, முடிவெடுக்க இருக்கட்டும்.

மேல்மாடி அலுவலகத்தைப் பற்றிக் கேட்ட அந்தத் தாய்க்காக, பிந்தியேனும், ஒரு கடிதம் எழுதினோம். பின்னும் மூன்று கடிதம் எழுதினோம். நான்காவது கடிதத்தின் பின், அவருடைய அலுவலைக் கீழ்மாடியில் ஒரு மேசை போட்டு முடித்துக்கொடுத்தார்கள். உறுதி கைக்கு வந்தது. கைபிடி இன்னும் வரவில்லை. ஐந்தாவது கடிதத்தை அவரே எழுதியிருக்கிறார்.

இருபத்திரண்டு வயதில் ஒரு காலை இழந்தோம். அதன் பின் வாழ்ந்த ஆண்டுகள், அதற்கு முன் வாழ்ந்த ஆண்டுகளைவிட இப்போது அதிகமாகிவிட்டன. அந்த வயலை இன்று தம்பி விதைக்கிறார். ஒவ்வொரு காலபோகத்துக்கும் முதல் நாள் நாமும் போய் அந்த வரம்பிலே நிற்கிறோம். எமது நட்டத்துக்கு ஈடு கிடைத்ததா என்றால், இல்லை. மகிழ்ச்சியாக இருக்கிறோமா என்றால், ஆம், இருக்கிறோம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம் என்பதே உங்கள் அனைவரிடமும் எமது விண்ணப்பம்.

அடுத்த கூட்டத்தில் இந்த மேடைக்குச் சாய்தளம் ஒன்று இருக்கும். அதை அமைக்கும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். அன்று முதலில் பேசப்போகிறவர் முன்வரிசையில் இருக்கும் அந்தத் தங்கை. அவர் மேடைக்கு வரும்போது எவரும் கைதட்ட வேண்டாம். பேசி முடித்த பின், பேச்சு நன்றாயிருந்தால், தட்டுங்கள்.